தாமானை எங்கே கட்டுவது?



பதிவு கொஞ்சம் நீளம். வெள்ளிக்கிழமை அஸருக்கு முன் வாசித்துவிட்டால் போதும். அன்றைக்குத்தான் கரையில் கூடி முடிவெடுக்கிறோம்.

விஷயம் ஊரில் பலருக்குத் தெரியும். களப்போரம் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய மரத் தோணியைப் பழைய மாணவர்கள் சேர்ந்து திருத்தி, பிள்ளைகளுக்குப் பாய் ஓட்டப் பழக்கலாம் என்று ஆரம்பித்தார்கள். அடி திருத்தியாயிற்று, கொடிமரம் நட்டாயிற்று, பாயும் வந்துவிட்டது. பாயின் அடியில் கிடையாக ஒரு கம்பு, 8 அடி. அதைத்தான் பூம் என்கிறார்கள். அந்தப் பூமை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை எங்கே கட்டுவது என்ற ஒரேயொரு கேள்வியில் இரண்டு கிழமையாக வேலை நிற்கிறது.

டுபாயில் உல்லாசப் படகுகளில் வேலை செய்துவிட்டு வந்த தம்பி சொல்வது இது: தோணியின் நடுவே குறுக்காக ஒரு தண்டவாளம் போட வேண்டும், அதில் ஓடுகிற சின்ன வண்டியில் கயிற்றைப் பூட்ட வேண்டும். அதன் பெயர் ட்ரவலர். அங்கே எல்லாப் படகிலும் அப்படித்தான் என்கிறார். பாய்த்தோணியிலேயே வாழ்க்கையைக் கழித்த பெரியவர் கேட்கவே மாட்டேன் என்கிறார். "அது பின்னுக்குத்தான் வரணும். தாமான எப்பவும் கட்டவாணாம், கையிலயே வெச்சிக்கோணும். நம்மட மூத்தவங்க அரபு நாட்டுல இருந்து வந்ததும் இப்படித்தான்."

இருவரும் எங்களைப் பார்த்தார்கள். வரலாறு படிப்பிக்கிற சேர்மார் தீர்ப்புச் சொல்லட்டும் என்று. அன்றைக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. தேடிப் பார்த்ததில் கிடைத்ததை எழுதுகிறோம். முதலிலேயே சொல்லிவிடுகிறோம், இந்தத் தேடலில் நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயமும் பிழையாகப் போனது.

பெரியவர் சொன்ன ‘தாமான்’ என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். வகுப்பில் கேட்டோம், 32 பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாயின் கீழ் மூலையைப் பிடித்து இழுக்கிற கயிறு தாமான். பாரசீகத்திலும் உருதுவிலும் ‘தாமன்’ என்றால் உடுப்பின் கீழ்விளிம்பு, முந்தானை. பாயை ஓர் உடுப்பாகப் பார்த்தவர்கள் அதன் ஓரத்தைப் பிடிக்கும் கயிற்றுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இதே கயிற்றை ‘ஷீட்’ என்கிறார்கள். பாய்க்குத்தான் அந்தப் பெயர் என்று நாங்கள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தோம். பழைய ஆங்கிலத்தில் பாயின் கீழ் மூலைக்கு இருந்த பெயரிலிருந்து அது வந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு கரைக்காரர்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு சொற்கள். சுக்கான் அரபுச் சொல். மாலுமியும் அரபுதான், ‘முஅல்லிம்’ என்பதன் தமிழ் வடிவம். மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவரை நாம் அழைக்கிற அதே முஅல்லிம். இந்து சமுத்திரத்தில் கப்பலுக்கு வழிகாட்டியவரை அரபிகள் அப்படித்தான் அழைத்தார்கள். ஹிஜ்ரி 895 அளவில் கடலோட்டம் பற்றிப் பெரிய நூல் எழுதிய அஹ்மத் இப்னு மாஜித் அப்படியொரு முஅல்லிம். (வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் அவர்தான் என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை.)

நல்ல முஅல்லிம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி எங்கள் கரையிலேயே இருக்கிறது. 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து மஅபருக்கு, அதாவது தமிழகத்தின் கிழக்குக் கரைக்குப் புறப்பட்டார். மூன்று நாள் பயணம். அனுபவமுள்ள கப்பலோட்டி இல்லாததால் ஒன்பதாம் நாள் இலங்கைக் கரைக்கு வந்து சேர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். வந்திறங்கிய ஊரின் பெயரை ‘பத்தாலா’ என்கிறார், நமது புத்தளம். ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவாத மலைக்குப் போய்வந்து, மறுபடி மஅபருக்குக் கிளம்பியபோது காற்று இன்னும் மோசம். கப்பல் கரைக்குக் கிட்ட வந்து தட்டியது, மரத்தை வெட்டிச் சாய்க்க வேண்டியதாயிற்று. இப்னு பதூதா புத்தளத்துக்கு வந்தார் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். வழிதவறித்தான் வந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் இன்னும் ஆசையாகக் கேட்கிறார்கள்.

இனி எங்கள் பிழை. முக்கோணப் பாயை அரபிகள்தான் கண்டுபிடித்தார்கள், அதனால்தான் காற்றுக்கு எதிராகவும் ஓட முடிந்தது என்று தரம் 8க்கு நாங்கள் பல வருடம் சொல்லிக்கொடுத்தோம். மேடைகளிலும் அதைச் சொல்கிறோம். அது சரியில்லை. தென் துருக்கியில் கெலெண்டெரிஸ் என்ற இடத்தில் கிடைத்த 5ஆம், 6ஆம் நூற்றாண்டுக் காலத்து மொசைக் தரையிலேயே அந்த வகைப் பாய் கட்டிய கப்பல் இருக்கிறது. இஸ்லாம் வருவதற்கு முன்பே மத்தியதரைக் கடலில் அது ஓடியிருக்கிறது. நமது கடலில் 9ஆம் நூற்றாண்டில் ஓடிய அரபுக் கப்பல்களுக்கு எந்தப் பாய் இருந்தது என்பதற்குப் பலமான சான்று இல்லை. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே கண்டெடுத்த கப்பல் அந்த நூற்றாண்டுக்குரியது, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. அதை மாதிரியாக வைத்து ஓமானில் ‘ஜுவல் ஒஃப் மஸ்கட்’ என்ற கப்பலைக் கட்டி 2010இல் சிங்கப்பூர் வரை ஓட்டினார்கள், காலியிலும் தங்கினார்கள். அதற்கு அவர்கள் போட்டது முக்கோணப் பாய் அல்ல, சதுரப் பாய்.

இதனால் நம் முன்னோர் குறைந்துவிட்டார்களா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தையல் கப்பலைப் பாருங்கள். ஆணிக்குப் பதிலாகத் தும்புக் கயிறு. மாலைதீவுத் தும்புக் கயிற்றால் கப்பல் தைப்பதையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் போவதையும் இப்னு பதூதாவே எழுதியிருக்கிறார். இல்லாத பெருமையை வகுப்பில் சொல்லி, பிள்ளை பிறகு வேறு இடத்தில் உண்மையைப் படித்தால், இருக்கிற பெருமையையும் நம்பாமல் போய்விடும். அந்தப் பயம்தான் எங்களுக்கு.

பிற்காலத்து அரபுப் பாய்க்கப்பல்களைப் பற்றி நேரில் பார்த்தவர் எழுதியது உண்டு. அலன் வில்லியர்ஸ் என்ற அவுஸ்திரேலியக் கடலோடி 1938-39இல் குவைத் கப்பலொன்றில் ஏடனிலிருந்து சன்சிபார் வரை போய்த் திரும்பினார். அந்தப் பாய்க்கு மேலே நீளமான பருமல் உண்டு, அடியில் பூம் கிடையாது. கீழ் மூலை சும்மா தொங்கும், அதைப் பிடிப்பது தாமான் மட்டும்தான். ஆகவே தாமானைப் பின்விளிம்பில் எந்த இடத்தில் கட்டுகிறோமோ அதுதான் பாயின் வடிவத்தைத் தீர்மானிக்கும். காற்று மறுபக்கம் வர வேண்டுமென்றால் கப்பலைக் காற்றின் போக்கில் திருப்பி, பருமலை நிமிர்த்தி, பாயையும் தாமானையும் மரத்துக்கு முன்னால் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். ஒரு திருப்பத்துக்கு ஆட்கள் எல்லோரும் வேண்டும், பலத்த காற்றில் உயிராபத்து. வடகீழ்க் காற்றில் போய்த் தென்மேற்குக் காற்றில் வருகிறவர்களுக்கு அது பெரிய குறையில்லை. நாட்கணக்கில் ஒரே பக்கத்துக் காற்று. அடிக்கடி திரும்புகிற தேவையே வராது.

எங்கள் தீவின் வள்ளத்துக்கு வேறு கணக்கு. சிங்களத்தில் ‘ஒறுவ’ என்கிற, பக்கத்தில் மிதவைக் கட்டை பூட்டிய வள்ளத்தை நீர்கொழும்பில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டை எப்போதும் காற்று வருகிற பக்கமே இருக்க வேண்டும். அதனால் அது திரும்புவதே இல்லை. இரண்டு முனையும் ஒரே மாதிரி. பாயையும் தாமானையும் சுக்கானையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்றிவிட்டால் பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். காற்று கூடும்போது ஆட்கள் அந்தக் கட்டையின் மேல் போய் உட்காருவார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த வெள்ளைக்காரர்கள், மீனவர் காற்றையே ‘ஒராள் காற்று, ரெண்டாள் காற்று’ என்று அளந்ததை வியப்போடு எழுதியிருக்கிறார்கள்.

சரி, டுபாய்த் தம்பியின் தண்டவாளம் எங்கிருந்து வந்தது? அதன் மூத்த பாட்டன் ஒரு மரக்கட்டை. இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றுச் சரக்குப் படகுகளில் தளத்துக்குக் குறுக்கே ஒரு தடித்த உத்தரம் இருக்கும். தாமானின் கப்பி அதில் பக்கத்துக்குப் பக்கம் சறுக்கும். அந்த உத்தரத்தை அவர்கள் ‘குதிரை’ என்றார்கள். படகு திரும்பியதும் கப்பி தானாக மறுபக்கம் ஓடிவிடும், யாரும் அவிழ்த்துக் கட்டத் தேவையில்லை. 80, 90 அடி நீளப் படகு. அதை ஓட்டியது ஒரு ஆளும் ஒரு பையனும். வைக்கோலும் செங்கல்லும் தானியமும் லண்டனுக்கு இப்படித்தான் போயின. 1900 அளவில் இப்படி 2000க்கும் மேற்பட்ட படகுகள் இருந்தன. இயந்திரமே இல்லாமல் கடைசியாகச் சரக்கு ஏற்றிய ‘கேம்ப்ரியா’ 1970 வரை ஓடியது.

குவைத் கப்பலில் தாமானை மாற்ற ஆட்கள் எல்லோரும், இங்கே ஒரு பையன். பாயின் உயர்வு தாழ்வு இதிலில்லை. அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, திரும்பும் தேவையும் குறைவு. தேம்ஸ் ஒடுங்கிய ஆறு, நிமிடத்துக்கு நிமிடம் திரும்ப வேண்டும், கூலி கொடுத்துக் கட்டாது. தாமான் எங்கே என்பதை ஆற்றின் அகலமும் கூலியும் சேர்ந்து தீர்மானித்திருக்கின்றன.

பிறகு போட்டிப் படகுகள் வந்தன. ஆரம்பத்தில் பூம் படகையே தாண்டி நிற்கும். 1903இல் அமெரிக்காவின் ‘ரிலையன்ஸ்’ படகில் முன்கம்பின் நுனியிலிருந்து பூமின் நுனி வரை சுமார் 200 அடி. அப்படி இருக்கும்போது தாமானைப் பின்கோடியில் கட்டுவதைத் தவிர வேறு இடமே இல்லை. 20ஆம் நூற்றாண்டில் பாய் உயரமாகி, பூம் கட்டையானது. அப்போதுதான் ‘எங்கே கட்டலாம்’ என்ற தெரிவே வந்தது: பின்கோடியிலா, ஆட்கள் உட்காரும் நடுப்பள்ளத்திலா, இன்னும் முன்னால் அறையின் கூரையிலா?

நடுவில் தண்டவாளம் போட்டதற்கு நியாயம் இருக்கிறது. தாமானுக்கு இரண்டு வேலை. பூமை உள்ளே இழுப்பது ஒன்று, கீழே அமத்துவது மற்றது. சாதாரணமாகத் தாமானைத் தளர்த்தினால் பூம் வெளியே போவதோடு மேலேயும் எழும்பும். பாயின் மேற்பகுதி முறுக்கிக்கொண்டு காற்றைச் சிந்திவிடும். வண்டி ஓடுகிற தண்டவாளம் இருந்தால் இந்த இரண்டு வேலையையும் பிரிக்கலாம். பலத்த காற்றில் தாமானை இறுக்கியபடியே வண்டியை மட்டும் காற்றொதுக்குப் பக்கம் தள்ளிவிடலாம். பூம் எழும்பாமல் வெளியே போகும், பாய் தட்டையாக இருக்கும். மெல்லிய காற்றில் நேர்மாறு: வண்டியைக் காற்று வரும் பக்கம் இழுத்து, தாமானைத் தளர்த்தினால் பாய்க்குக் கொஞ்சம் முறுக்கு வரும், பூமும் நடுவில் நிற்கும்.

தரம் 11 பிள்ளைகளோடு எங்கள் தோணிக்கே கணக்குப் போட்டோம். தண்டவாளம் 3 அடி. மரத்திலிருந்து 3 அடி தள்ளிப் போட்டால், நடுவிலிருந்து ஒன்றரை அடி வண்டி போகும்போது பூம் கிட்டத்தட்ட 27 பாகை திறக்கும். அதே தண்டவாளத்தைப் பின்கோடியில், 8 அடியில் போட்டால் 11 பாகை கூட வராது. இதுவரை தம்பி பக்கம் வெற்றி. ஆனால் பின்கோடியில் 30 கிலோ இழுத்தால் போதுமான இடத்தில், 3 அடியில் 80 கிலோ இழுக்க வேண்டும். பூம் நடுவில் வளையும், முறியவும் கூடும். கப்பி கூட்டலாம், நாலு மடிப்புப் போட்டால் 80 கிலோ 20 ஆகிவிடும். ஆனால் பூமை ஓரடி விட நாலடி கயிறு ஓட வேண்டும், காற்று திடீரென அடிக்கும்போது அது ஓடி முடிவதற்குள் தோணி சரிந்துவிடும். வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது, "சேர், நாங்க 20 கிலோவ எவ்வளவு நேரம் பிடிச்சிக்கிட்டு இருக்கிறது?" கட்டத்தான் பார்க்கும் பிள்ளை. வேறென்ன செய்யும்?

பெரியவரின் பிடிவாதம் எங்களுக்கு விளங்கியது அந்த இடத்தில்தான். எங்கள் வாப்பும்மாவின் தம்பி களப்பில் மவுத்தானது அப்படித்தான். தாமானைக் கட்டிவிட்டு வெத்திலை மடித்துக்கொண்டிருந்தாராம். வாடைக் காற்று ஒரு அடி. தோணி இரண்டாம் நாள் கிடைத்தது, அவர் மூன்றாம் நாள். வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். வாப்பும்மா மட்டும், நாங்கள் சின்ன வயதில் ஆட்டுக்குட்டியைக் கட்டினாலும், "சுருக்குப் போடு, முடிச்சுப் போடாத" என்பார். ஏனென்று அப்போது தெரியாது.

பின்கோடியிலும் தொல்லை இல்லாமல் இல்லை. அது சுக்கான் பிடி ஓடுகிற இடம். உலகத்தில் 2 லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்ட ‘லேசர்’ என்ற ஒராள் படகை எடுங்கள். 1969இல் ப்ரூஸ் கர்பி வரைந்தது, 1996 முதல் ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. அதற்குத் தண்டவாளமே கிடையாது. பின்கோடியில் சுக்கான் பிடிக்கு மேலாக ஒரு கயிறு குறுக்கே போகும், கப்பி அதில் ஓடும். அந்தக் கயிறு தளர்ந்தால் கப்பி ஓரத்துக்குப் போகாது. இறுக்கினால் சுக்கான் பிடியில் உரசும். போட்டிக்காரர்கள் உரசலைப் பொறுத்துக்கொண்டு இறுக்கித்தான் கட்டுகிறார்கள். இன்னொன்று, அந்தப் படகில் தாமான் பூமின் நுனியிலிருந்து பூம் வழியாக முன்னே வந்து, நடுவிலுள்ள கப்பியால் இறங்கி ஓட்டுபவரின் கைக்கு வருகிறது. இழுவை பின்னால், கை நடுவில்.

தம்பிக்கும் பெரியவருக்கும் நாங்கள் சொல்லப்போவது இதுதான். தம்பி சொல்கிற தண்டவாளம் போட்டிக்குச் சரி, அவர் பார்த்த படகுகளுக்கும் சரி. எங்கள் தோணியின் நடுவில் ஆறு பிள்ளைகள் உட்காரும். முழங்காலுக்கு நேரே தண்டவாளம், திரும்பும்போது கழுத்துக்கு நேரே கயிறு. அது வேண்டாம். பெரியவர் சொல்கிற இடம் சரி, சொல்கிற காரணத்தில் பாதி சரி. கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் இப்படித்தான் கட்டினார்கள் என்பதை நாங்கள் ஒப்புக்கொள்ள முடியாது. அவர்களின் பாய்க்குப் பூமே இல்லை. ‘தாமான்’ என்ற சொல்லை வாயில் வைத்திருக்கிறாரே, அந்தப் பெரியவரிடம் அதுவே எங்களுக்குப் போதும்.

எங்கள் யோசனை: பின்கோடியில் தேம்ஸ் படகு மாதிரி ஒரு மரக் குதிரை. சுக்கான் பிடியிலிருந்து நாலு விரல் உயரம். கப்பி அதில் ஓடட்டும். தாமான் பூம் வழியாக முன்னே வந்து ஒரு கப்பியில் திரும்பி ஓட்டுகிற பிள்ளையின் கைக்கு வரட்டும். கயிற்றைக் கட்டுவதற்கு அங்கே ஒரு முளையும் வைக்கக் கூடாது. முளை இருந்தால் யாராவது கட்டுவார்கள். இரும்புக் குழாய் மலிவு என்று ஒருவர் சொன்னார். உப்புத் தண்ணீருக்கு ஆறு மாதத்தில் துருப்பிடித்துக் கப்பி சிக்கிக்கொள்ளும், மரமே நல்லது.

தம்பியின் மனம் நோகக் கூடாது என்பதற்காக அல்ல, உண்மையாகவே சொல்கிறோம், பிள்ளைகள் பழகிய பிறகு இரண்டாவது தோணி ஒன்று கிடைத்தால் அதில் நடுத் தண்டவாளத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த 27 பாகையைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

இப்போதைக்குத் தேவை மூன்றரை அடி நீளம், மூன்று அங்குலத் தடிப்பில் வைரம் பாய்ந்த ஒரு கட்டை. பழைய வீடு உடைத்தவர்களிடம் பாலையோ முதிரையோ மிச்சமிருந்தால் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கரைக்குக் கொண்டுவாருங்கள். தச்சுவேலைக்கு ஆள் இருக்கிறார். பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளும் வரட்டும், சுருக்குப் போட அவரே பழக்குவார், இன்ஷா அல்லாஹ்.